ஆண்டு விழாக் கூட்டுக் கண்காட்சி: பெயர்ப்பட்டியலுக்கு முன் சுவரை அளந்துவிடுங்கள்

பத்தாம் ஆண்டோ வெள்ளி விழாவோ நெருங்கினால் ஒரு கலைக்கூடத்தில் முதலில் தயாராவது பெயர்ப்பட்டியல்தான். இதுவரை இங்கே காட்சி வைத்தவர்கள், தோள் கொடுத்தவர்கள், புதிதாக வரைய வந்த பிள்ளைகள், விட்டுவிட்டால் மனம் வருந்துவார்களோ என்று தோன்றுகிறவர்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால் முப்பது பேர் ஆகிவிடும். ஆளுக்கொரு படம் வாங்கி, இடம் கிடைத்த பக்கமெல்லாம் மாட்டினால், வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவரின் படத்தை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எத்தனை ஓவியர், எத்தனை படைப்பு, எத்தனை விளக்கு, எவ்வளவு செலவு என்ற கேள்விகளுக்கெல்லாம் சுவரின் நீளம்தான் விடை சொல்லும். அதனால் பேனாவுக்கு முன்னால் டேப்பை எடுங்கள்.

இந்தக் குறிப்புகள் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை: சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வாளையார் பக்கம். இங்கே கூடம் என்பது பெரும்பாலும் திருத்தியமைத்த ஓட்டு வீடு அல்லது பழைய கிடங்கு. படைப்புகள் கோவை, சென்னையிலிருந்தும் வரும், திருச்சூர், கொச்சியிலிருந்தும் வரும். பார்க்க வருகிறவர்களில் தமிழ் படிப்பவர்களும் மலையாளம் படிப்பவர்களும் உண்டு. கணவாய்க் காற்று வேறு. வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் இவை குறுக்கே வரும்.

சுவர்க் கணக்கு

கூடத்தின் தரைப்படத்தை ஒரு கட்டத்தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்ற அளவு போதும். வாசல், சன்னல், சுவிட்ச் பலகை, மின்விசிறி ரெகுலேட்டர், ஓதம் ஏறிய சுவர்ப்பகுதி, மழைநீர்க் கசிவின் பழைய கறை எல்லாவற்றையும் குறித்துவிட்டு அவற்றைக் கழியுங்கள். சுவர் மூலையிலிருந்து 40 சென்டிமீட்டரையும் கழிக்க வேண்டும். மூலையை ஒட்டி மாட்டிய படத்தை நேரெதிரே நின்று பார்க்க முடியாது.

12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 38 மீட்டர். கழிக்க வேண்டியதைக் கழித்தால் 28 மீட்டர் அளவில் நிற்கும். வரப்போகும் படங்களின் சராசரி அகலம் 90 சென்டிமீட்டர் என்றால், இரண்டு படங்களுக்கு இடையே 70 சென்டிமீட்டர் விட்டு, ஒரு படத்துக்கு 1.6 மீட்டர் சுவர் தேவை. ஆக 17 படங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு படம், மிஞ்சும் ஒரு இடம் பெரிய படைப்பு ஒன்றுக்கு. இவ்வளவுதான் அந்தக் கூடத்தின் கொள்ளளவு. இதைத் தாளில் பார்த்த பிறகு முப்பது பேர் பட்டியலை யாரும் எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள்.

ஆளுக்கு ஒரு படம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரே ஒரு படத்தை வைத்து ஓர் ஓவியரின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு அல்லது மூன்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவர் எதைத் திரும்பத் திரும்பத் தேடுகிறார் என்று கண்ணுக்குப் படும்.

சுவர் நீளத்தோடு பார்க்கும் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தின் மூலைவிட்ட நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் பின்வாங்கி நிற்க இடம் வேண்டும். இரண்டு மீட்டர் கேன்வாஸை ஒன்றரை மீட்டர் நடைவழியில் மாட்டினால் அது படமாகத் தெரியாது, வண்ணம் பூசிய தடுப்பாகத்தான் தெரியும். மூத்தவருக்கு முகப்புச் சுவர் என்ற வழக்கத்தையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். எந்தப் படத்துக்குத் தூரம் தேவையோ அதற்கே முகப்பு. சிறிய கோட்டோவியம் வரையும் மூத்தவருக்கு, கிட்டே போய்ப் பார்க்கும்படியான உள்ளறைதான் உண்மையான மரியாதை. அழைப்புக் கடிதத்திலேயே "மாட்டும் இடத்தைக் காட்சிப் பொறுப்பாளர் முடிவு செய்வார்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் பேச்சு வளராது.

இடம் போதவில்லை என்று எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகைகளை நடுவில் நிறுத்துவது வழக்கம். செய்யலாம். ஆனால் ஒற்றைப் பலகையாக நிறுத்தக் கூடாது. இரண்டு பலகையை எல் வடிவிலோ, மூன்றை இசட் வடிவிலோ கீல் போட்டு இணைத்து, அடிக்கட்டையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மணல் மூட்டை வையுங்கள். கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எதிரெதிர் வாசல்கள் இரண்டும் திறந்திருந்தால் வெறும் பலகை படத்தோடு சேர்ந்து கவிழும்.

யாரை அழைப்பது

எட்டு இடம் என்றால் எட்டுப் பெயரையும் ஒரே அமர்வில் எழுதாதீர்கள். கூடத்தின் வரலாற்றோடு நெருங்கிய மூவர், இப்போது நன்றாக வேலை செய்யும் மூவர், இந்தக் கூடத்தில் இதுவரை காட்டாத இருவர் என்று பிரித்தால் ஆண்டு விழாவுக்கு ஒரு முன்னோக்கும் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு நாலு, கேரளத்துக்கு நாலு என்று பங்கு பிரிப்பது வேண்டாம். இந்த நிலத்தின் நவீனக் கலை ஒருபோதும் அப்படிப் பிரிந்து நின்றதில்லை. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-இல் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அவரிடம் சென்னையில் படித்த சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் பாலக்காட்டை அடுத்த மலம்புழையில் யட்சி சிற்பத்தைச் செய்தார். கேரளத்துக்காரர், தமிழ்நாட்டுக்காரர் என்று பார்க்காமல் வேலையைப் பாருங்கள். ஒதுக்கீடு தானாகவே சரியாக அமையும்.

பட்டறைக்கு நேரில் போய்ப் படைப்பைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசிப் படத்தை நம்பித் தேர்ந்தெடுத்தால் அளவு ஏமாற்றும், வண்ணமும் ஏமாற்றும். நேரில் போக முடியாத தூரமென்றால் மூன்று படங்கள் கேளுங்கள்: நேரெதிரே எடுத்தது, அருகில் ஒரு மனிதர் நிற்க எடுத்தது, பின்பக்கம் எடுத்தது. பின்பக்கப் படம்தான் அதிகம் சொல்லும். சட்டம் வளைந்திருக்கிறதா, சட்டத்தின் மூலையை இறுக்கும் ஆப்புகள் இருக்கின்றனவா, பூஞ்சைப் புள்ளி உண்டா, மாட்ட வளையம் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

பழைய அழைப்பிதழ், செய்தித்தாள் நறுக்கு, பழைய நிழற்படங்கள் வைக்க ஆசை இருக்கும். அவற்றை நடைவழியில், நகலெடுத்து வையுங்கள். கூடத்துக்குள் கொண்டுவந்தால் கூட்டம் படங்களை விட்டுவிட்டுத் தங்கள் முகம் எங்கே என்று நிழற்படங்களில் தேடும்.

எப்போது வைப்பது

சனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். மழை இல்லை, காற்றில் ஈரம் குறைவு, மாலையில் மக்கள் நடமாடுவார்கள். மார்ச் பாதிக்கு மேல் பாலக்காட்டு வெயில் ஏறிவிடும், ஓட்டுக் கூரைக்குக் கீழே அக்ரிலிக் இளகி ஒட்டும் தன்மை வந்துவிடும். சூன் முதல் செப்டம்பர் வரை காகிதப் படைப்புகளைத் தொடவே வேண்டாம். நவம்பரில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாக் கூட்டத்தைக் கணக்கிட்டுச் சிலர் காட்சி வைக்க நினைப்பார்கள். துலாமழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, விட்டிருக்காது, வண்டி கிடைப்பதும் கடினம். கொச்சி-முசிறி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டென்றால் அது டிசம்பரில் தொடங்கி மார்ச் வரையாவது ஓடும். காட்சி அமைக்கத் தெரிந்த ஆசாரிகளும் மின்வேலைக்காரர்களும் அந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஆகஸ்டிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

அழைப்பு ஆறு மாதத்துக்கு முன், படைப்பு முடிவு மூன்று மாதத்துக்கு முன், படைப்பு கைக்கு வருவது பத்து நாளுக்கு முன். ஒரு மாதத்துக்கு முன்தான் முடித்த எண்ணெய் ஓவியம் வேண்டாம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், தடித்த பூச்சுக்குள் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும், பொதி கட்டியதும் காகிதம் ஒட்டிக்கொண்டு வரும்.

காகித வேலை

ஒவ்வோர் ஓவியரோடும் ஒரு பக்க ஒப்பந்தம் போதும். படைப்பின் பெயர், ஆண்டு, ஊடகம், உயரம், அகலம், விலை, விற்றால் கூடத்தின் பங்கு, விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், போக்குவரத்துச் செலவு யாருடையது, சேதமானால் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் திருப்பித் தரப்படும். கூடத்தின் பங்கு பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கிறது. ஆண்டு விழாக் காட்சியில் அதைக் குறைத்துக்கொள்வது நல்ல மரபு. தள்ளுபடி கேட்கும் வாங்குவோருக்குக் குறைக்கும் தொகை யார் பங்கிலிருந்து போகும் என்பதையும் எழுதிவிடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாளையாரில் பழைய வணிகவரிச் சோதனை 2017-இல் ஜிஎஸ்டி வந்ததோடு போயிற்று. காகிதம் போகவில்லை. விற்பனைக்காகக் கூடத்துக்கு வரும் படங்களுக்கு இன்வாய்ஸ் போட வேண்டியதில்லை. டெலிவரி சலானும், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்னும் மின்னணுச் சரக்குச் சீட்டும் வேண்டும். ஓவியர் கூடத்துக்கு அனுப்புவது அந்தக் கட்டத்தில் விற்பனை ஆகாது, வாங்குபவர் தேர்ந்தெடுக்கும்போதுதான் ஆகும் என்பதை 2017 டிசம்பர் 21 தேதியிட்ட 22/22/2017 எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதன் நகல் ஒன்றை ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புங்கள். வழியில் நிறுத்தினால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம். கையால் வரைந்த ஓவியங்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை அப்படியே எடுத்து அச்சிட்டால் கணக்கு தவறும்.

இப்படி ஒப்புதலுக்காக அனுப்பிய பொருள் ஆறு மாதத்துக்குள் விற்கவோ திரும்பவோ வேண்டும். விற்காத படத்தைக் கூடத்துப் பரணில் போட்டு வைத்தால் ஓவியருக்கு வரிச் சிக்கல் வரும். வேறு மாநிலத்து ஓவியர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தால், விற்பனைக்கு வைக்கும் முன் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். மாநிலம் தாண்டிய பொருள் விற்பனைக்குத் தனி விதிகள் உண்டு.

காப்பீடு எடுப்பதானால் ஓவியரின் சுவரிலிருந்து இறக்கியது முதல் திரும்ப அவர் வீடு சேரும் வரை செல்லுபடியாகும்படி கேளுங்கள். பயணத்துக்கு மட்டும் எடுத்த பாலிசி, கூடத்தில் மழை ஒழுகியதற்கு உதவாது.

பொதி கட்டுவதும் ஏற்றி இறக்குவதும்

காட்சி தொடங்கும் முன்பே சேதமாகும் படங்களில் பாதிக்குக் காரணம் பபுள் ரேப் என்று துணிந்து சொல்லலாம். அக்ரிலிக் பரப்பின் மேல் பபுள் ரேப் நேரே பட்டு, வெயிலில் வண்டி இரண்டு மணி நேரம் நின்றால், குமிழ் குமிழாக அச்சு விழும், அது போகாது. முதல் உறை பட்டர் பேப்பர் அல்லது கிளாசின் தாள், பளபளப்பான பக்கம் படத்தை நோக்கி. அதன்மேல் நாலு மூலைக்கும் மடித்த அட்டைக் காப்பு. அதன்மேல் பபுள் ரேப், குமிழ் வெளிப்பக்கம் பார்த்து. வெளியே நெளி அட்டை. செலோ டேப் எங்கும் சட்டத்தின் மேல் ஒட்டக் கூடாது, உறை மேல்தான் ஒட்ட வேண்டும். பிரிக்கிறவர் பிளேடு போடாமல் பிரிக்க டேப்பின் நுனியை மடித்துவிடுங்கள்.

கண்ணாடி போட்ட படமென்றால் கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால், உடைந்தாலும் சில்லு காகிதத்தைக் கீறாது. அக்ரிலிக் தகட்டில் இதைச் செய்யாதீர்கள், பசை பிடித்துக்கொள்ளும்.

சின்ன யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் தட்டு ஏழடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். பொதி கட்டிய மூன்றடிப் படங்கள் பதினைந்து வரை நிற்கவைத்து ஏற்றலாம். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ள கேன்வாஸ் தொய்ந்துவிடும். முகத்தோடு முகம், முதுகோடு முதுகு பார்த்து நிறுத்தி, இடையில் அட்டை வையுங்கள். முதுகின் கொக்கி அடுத்த படத்தின் முகத்தைக் குத்தாமல் இருக்க இதுதான் வழி. கயிறு சட்டத்தின் குறுக்கே போகட்டும், கேன்வாஸின் நடுவே போகக் கூடாது. தார்ப்பாய் இல்லாத வண்டியில் ஏற்றவே வேண்டாம், வெயில் காலமாக இருந்தாலும்.

இறக்கும் இடத்தில் சுமட்டுத் தொழிலாளர்களிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள். நோக்குகூலி, அதாவது சுமக்காமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் கூலி, கேரளத்தில் 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்கான கூலியை நேராகப் பேசி, இருவராக ஒரு படத்தைப் பிடித்து இறக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தால் அவர்களைவிடக் கவனமாக இறக்க யாராலும் முடியாது. அவசரமாக, கடைசி நேரத்தில் கூப்பிட்டால்தான் கோளாறு.

வந்த படத்தை உடனே பிரிக்காதீர்கள். ஓர் இரவு பொதியோடே கூடத்தில் நிற்கட்டும். வெளிச்சூட்டிலிருந்து வந்த பொருள் உள்ளறைக் குளிருக்குப் பழகாமல் பிரித்தால் கண்ணாடிக்குள் வியர்க்கும். மறுநாள் பிரித்ததும் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை என்று ஆறு நிழற்படம் எடுத்து, கீறல், விரிசல், கறை எதுவாக இருந்தாலும் எழுதி, அதே நாளில் ஓவியருக்கு அனுப்பிவிடுங்கள். திருப்பி அனுப்பும்போது ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் சான்று. பிரித்த பொதிப் பொருட்களை ஓவியர் பெயர் எழுதி அப்படியே எடுத்து வையுங்கள். திரும்பப் போகும்போது அதே உறை வேண்டும்.

சுவரும் ஆணியும்

பழைய சுவர் வெட்டுக்கல்லோ, மண்சாந்தில் கட்டிய செங்கலோ என்று தெரியாமல் ட்ரில் போடாதீர்கள். படத்தின் பின்னால் மறையும் இடத்தில் 6 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு சோதனைத் துளை போடுங்கள். வரும் தூள் செம்மண்ணாக, இழுக்க இழுக்க உதிர்ந்துகொண்டே வந்தால், சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. 8 மில்லிமீட்டர் துளை, 60 மில்லிமீட்டர் ஆழம், நீளமான பிளக், தேவையானால் துளைக்குள் கெமிக்கல் பசை. பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள படத்தைச் சுண்ணாம்புப் பூச்சின் பலத்தில் மட்டும் தொங்கவிடக் கூடாது. சுவரில் துளை போடவே முடியாத கூடமென்றால் உத்தரத்துக்குக் கீழே அலுமினியத் தண்டவாளம் ஓட்டி, அதிலிருந்து எஃகுக் கம்பியில் தொங்கவிடலாம்.

மாட்டும் உயரம்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 147 சென்டிமீட்டர். எல்லாப் படத்துக்கும் ஒரே நடுக்கோடு. மேல்விளிம்பையோ கீழ்விளிம்பையோ வரிசைப்படுத்தினால் சிறியதும் பெரியதும் ஒன்றோடொன்று சேராது. கணக்கு இப்படி:

படத்தின் உயரத்தைப் பாதியாக்கி 147-உடன் கூட்டுங்கள். அதிலிருந்து, படத்தின் மேல்விளிம்புக்கும் கொக்கி தாங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் கழியுங்கள். கம்பி கட்டிய படமென்றால் கம்பியை மேல்நோக்கி இறுக்கி இழுத்துப் பிடித்த நிலையில் அந்த இடைவெளியை அளக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரப் படம், இடைவெளி 8 சென்டிமீட்டர் என்றால்: 45 + 147 − 8 = 184. துளை 184 சென்டிமீட்டரில்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓட்டு வீடுகளின் தரை, நீர் வழிந்தோட ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அந்தந்த இடத்துத் தரையிலிருந்து அளந்தால் வரிசை மெல்ல மெல்லச் சாயும். ஒரே ஓர் இடத்தில், வாசலுக்கு நேர் எதிரே, 147-ஐக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து லேசர் மட்டமோ, கொத்தனாரின் தண்ணீர்க் குழாயோ வைத்துக் கூடம் முழுக்க நடுக்கோட்டை ஓட்டுங்கள். நூலைக் கட்டி இழுத்து, பென்சிலால் லேசாகக் குறிப்பது போதும். சாயப்பொடி நூல் அடித்தால் வெள்ளைச் சுவரில் கறை போகாது.

ஒரு படத்துக்கு ஒரு கொக்கி என்பது வழக்கம். இந்தப் பக்கத்தில் இரண்டு போடுங்கள். காற்றுக்குப் படம் அசைந்தாலும் கோணாது. டி வளையம் சட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். நைலான் கயிறு நாள் ஆக ஆக நீளும், இரும்புக் கம்பி துருப்பிடித்துச் சட்டத்தில் கறை விடும். எஃகு இழைக் கம்பிதான் சரி. கீழ் மூலைகளில் ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி நிறுத்தினால் பின்னால் காற்று போகும், ஓதம் ஏறாது.

துளை போடுவதற்கு முந்தின நாள் எல்லாப் படத்தையும் சுவரடியில், தரையில் நேரே வைக்காமல் இரண்டு ரீப்பர் கட்டை மேல் சாய்த்து நிறுத்திப் பாருங்கள். கரையான் இருக்கும் ஊர், ஓர் இரவு கூடத் தரையில் சட்டம் படக் கூடாது. ஓவியருக்குப் பக்கத்தில் ஓவியர் என்று வரிசைப்படுத்துவதைவிட, வாசலில் நின்றால் முதலில் எது கண்ணில் பட வேண்டும் என்று தொடங்குவது நல்லது. அடர்சிவப்புப் பெரிய படத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லிய பென்சில் கோட்டை வைத்தால் அந்தக் கோடு செத்துவிடும். மூலை திரும்பும் இடத்தில் அமைதியான படம் இருந்தால் பார்ப்பவர் கண் அங்கே இளைப்பாறி அடுத்த சுவருக்குப் போகும். ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்குங்கள். இரவு போய் மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மாற்ற வேண்டியது குறைந்தது இரண்டு தென்படும்.

சிற்பத்துக்குப் பீடம் 90 முதல் 110 சென்டிமீட்டர் உயரம். சிறிய வெண்கலம் என்றால் உயரமான பீடம், சுடுமண் உருவம் உட்கார்ந்த நிலையென்றால் தாழ்ந்தது. உள்ளே மணல் மூட்டை கட்டாயம். சுற்றி ஒரு மீட்டர் நடக்க இடம் விடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் தோள்பை வெளியே வைக்கச் சொல்லுங்கள். சிற்பங்களைத் தட்டிவிடுவது பெரும்பாலும் திரும்பும்போது இடிக்கும் பைதான்.

வெளிச்சம்

3000 கெல்வின் எல்இடி, நிறம் காட்டும் குறியீடு 90-க்கு மேல். பெட்டி மேல் சிஆர்ஐ என்று அச்சிட்டிருக்கும், அச்சிடாததை வாங்காதீர்கள். 80 உள்ள விளக்கில் சிவப்பும் மரப்பழுப்பும் சாம்பல் தட்டும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் விளக்கு விழ வேண்டும். அதைவிடச் செங்குத்தாக வந்தால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும், அதைவிடச் சாய்ந்தால் கண்ணாடியிலும் வார்னிஷிலும் பளிச்சென்று அடிக்கும். வெளிச்சத்தின் அளவு எண்ணெய்க்கும் அக்ரிலிக்குக்கும் 150 முதல் 200 லக்ஸ், நீர்வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் 50. கைப்பேசிச் செயலியில் அளந்தால் துல்லியம் குறைவு, ஆனால் ஒன்றுக்கொன்று ஒப்பிடப் போதும்.

பதினேழு படம், மூன்று சிற்பம் என்றால் 12 வாட் விளக்கு இருபது, மொத்தம் 240 வாட். 850 விஏ இன்வெர்ட்டரும் நல்ல நிலையிலுள்ள 150 ஏஎச் பேட்டரியும் மின்வெட்டில் நான்கு மணி நேரம் அளவுக்குத் தாங்கும். கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருந்தால் அதைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். காலை பத்து மணிக்கு ஒரு படத்தின் மேல் விழும் வெயில் கட்டம் ஒரு மாதக் காட்சியில் நீர்வண்ணத்தை நிரந்தரமாக வெளுக்கவைக்கும்.

ஈரம், புழுதி, பல்லி

இவை மூன்றும் எந்தக் கையேட்டிலும் பெரிதாக இருக்காது, இங்கே தினமும் இருக்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கிக் கூடத்தின் நடுவில் வையுங்கள். 45 முதல் 55 விழுக்காடு என்பது இலட்சியம், 65-க்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் நாள் கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சை வரும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றில் இதற்கு நேர்மாறாகச் சட்டம் சுருங்கி மூலை இடைவெளி விடும். பகலில் நனைத்த துணித்திரை கட்டுவது மக்களுக்கு நல்லது, படங்களுக்கு நல்லதல்ல.

ஓட்டிடுக்கிலிருந்து இரவு முழுக்கப் புழுதி விழும். படங்களுக்கு நேர் மேலே உத்தரத்தின் அடியில் வெள்ளைக் காடாத் துணி கட்டுங்கள். பல்லி எச்சம் வார்னிஷ் இல்லாத அக்ரிலிக்கில் ஓர் இரவு இருந்தாலே வெளுத்த புள்ளி விடும், எனவே தினமும் காலையில் மேல்விளிம்புகளைப் பார்ப்பது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். உலர்ந்த மென்தூரிகை மட்டுமே உபயோகிக்கலாம். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் திரவம் இரண்டும் படத்தின் பக்கம் வரக் கூடாது. கண்ணாடியைத் துடைக்க வேண்டுமானால் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடி மேல் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் காகிதத்தைப் பிடிக்கும்.

வீடியோப் படைப்பு இருந்தால்

ஓவியரிடம் எச்.264 முறையில் எம்பி4 கோப்பாகக் கேளுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் ஆக்க வேண்டும். அந்தத் தொலைக்காட்சி எக்ஸ்ஃபேட்டைப் படிக்கிறதா என்று முன்பே பாருங்கள். சில மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாக அணையும் அமைப்பை நிறுத்துங்கள். மின்சாரம் போய் வந்ததும் தானே தொடங்கி, தொடர்ந்து சுழலும் பிளேயர் இல்லையென்றால், மாலை வரை கறுப்புத் திரைதான் இருக்கும்.

பெயர்ச்சீட்டு

ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. உயரம் முதலில், அகலம் பிறகு, சென்டிமீட்டரில். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே எழுத்தளவில், ஒரே சீட்டில். தமிழ் எழுத்தின் அளவு 18 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. வயதானவர்கள் படிக்கக் குனிய வேண்டியிருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். தங்கள் பெயரை இரு எழுத்துகளிலும் எப்படி எழுதுவார்கள் என்று ஓவியர்களிடமே கேட்டு வாங்குங்கள். ஒருவர் பெயரைத் தவறாக அச்சடிப்பதுபோல் வருத்தும் காரியம் வேறில்லை. சீட்டு படத்தின் வலப்பக்கம், தரையிலிருந்து 130 சென்டிமீட்டர். விலையைச் சீட்டில் போடாமல் தனிப் பட்டியலாக மேசையில் வையுங்கள். விற்றதும் சிவப்புப் புள்ளி, வாய்மொழியாகக் கேட்டு வைத்தவருக்கு அரைப் புள்ளி. முன்பணம் வராமல் அரைப் புள்ளி இரண்டு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது.

திறப்பு நாள்

குத்துவிளக்கைக் கூடத்துக்குள் ஏற்றாதீர்கள், வாசல் திண்ணையில் ஏற்றுங்கள். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் திறந்த கேன்வாஸில் படியும், மின்விசிறிக் காற்றில் சுடரும் நிற்காது. பேச்சும் தேநீரும் முற்றத்தில். பேச்சு முடியும் வரை கூடத்தைப் பூட்டி வைத்துப் பின்பு திறந்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைந்து நெரிசலாகும். அதனால் பேச்சுக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுவதுதான் நல்லது. ஓவியர்கள் தங்கள் படத்தருகே நின்று தமிழிலோ மலையாளத்திலோ ஐந்து நிமிடம் பேசும் ஒரு சுற்று வைத்தால், அந்த மாலையின் மிகப் பயனுள்ள பகுதி அதுவாக இருக்கும். வாழ்த்துரைகளை மூன்றாகக் குறைத்து அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

இறக்கும்போது

முடிவு நாளின் மறுநாள் காலையில் இறக்கத் தொடங்குங்கள், அன்று இரவே அவசரப்பட்டு இறக்க வேண்டாம். சோர்ந்த கைகள் கொக்கியை எடுக்கும்போது கண்ணாடியைத் தட்டும். வரவு வைத்தபோது எடுத்த ஆறு நிழற்படங்களோடு ஒப்பிட்டு, சேதம் இருந்தால் பொதி கட்டும் முன்பே ஓவியரிடம் சொல்லுங்கள். பழைய உறையில், பழைய முறையில் கட்டி, திரும்பும் பயணத்துக்குத் தனிச் சலான் எழுதுங்கள். விற்ற படங்களுக்கு வாங்கியவர் பெயரில் இன்வாய்ஸ், ஓவியருக்கு அவர் பங்கு, ஒப்பந்தத் தேதிக்குள். பிளக்குகளைச் சுவருக்குள் அழுத்திவிடாமல் இழுத்து எடுத்து, துளையைப் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, அதே டின் வெள்ளையை ஒரு கை பூசி வையுங்கள். அடுத்த காட்சிக்கு அந்த டின்னில் ஒரு லிட்டராவது மிச்சம் இருக்க வேண்டும், வேறு டின் வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது.